சிறு கட்டைகளால் ஒரு பெருநகர்

விளையாட்டுப் பொருள் என்றவுடன் அது சிறுவர்க்கு மட்டுமே உரியது என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். தமிழில் ‘சிற்றில்’ என்றொரு பழஞ்சொல் உண்டு. மணலால் சிறு வீடு கட்டி விளையாடுவதைச் சிற்றில் இழைத்தல் என்பர். ஆண்பாற் பிள்ளைத்தமிழில் சிற்றில் என்ற பெயரிலேயே ஒரு பருவம் வகுக்கப்பட்டிருக்கிறது. ஆகவே, சிறியதாக ஓர் ஊரைக் கட்டிப் பார்த்து மகிழ்வது நம் மரபுக்குப் புதிதன்று. நான் திருச்சிராப்பள்ளியிற் பிறந்து, தந்தையாரின் இரயில்வேப் பணி காரணமாக நாகபுரியில் வளர்ந்தவன். எங்கள் குடியிருப்பில் நவராத்திரி வந்தால், கொலுப்படிகளுக்குப் பக்கத்தில் மணலைப் பரப்பி, கடுகை முளைக்க வைத்து, பூங்காவும் தெருவும் அமைப்போம். பொம்மைகளைவிட அந்தத் தெருவையே நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இன்று அந்த இன்பத்தை உலகெங்கும் பரப்பியிருப்பது ‘லெகோ’ என்னும் பிளாஸ்டிக் கட்டை. முனைவர் பட்டம் பெற்று வளாகத்தை விட்டுச் சென்ற அண்ணன் ஒருவர், சென்ற ஆண்டு நம் மன்றத்திற்கு ஒரு மூட்டையைக் கொடுத்துச் சென்றார். 2017இல் வெளிவந்த ‘அசெம்பிளி ஸ்கொயர்’ என்னும் நகரச் சதுக்கத்தின் 4,002 துண்டுகள் அதனுள் கலந்து கிடந்தன. அதைக் கட்டியபோது கற்றவற்றை, பொருளறிவியல் பயிலும் மாணவன் என்ற முறையில் இங்கே எழுதுகிறேன்.

வரலாறு

டென்மார்க்கில் பில்லுண்ட் என்னும் சிற்றூரில் ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன் என்ற தச்சர் இருந்தார். அவர் 1932ஆம் ஆண்டு மரப் பொம்மைகள் செய்யத் தொடங்கினார். 1934இல் தம் தொழிலுக்கு ‘லெகோ’ எனப் பெயரிட்டார். ‘நன்றாக விளையாடு’ என்ற பொருள் தரும் இரு டேனிஷ் சொற்களின் சுருக்கம் அது. 1949இல் பிளாஸ்டிக் கட்டைகள் வந்தன. அவற்றின் முன்மாதிரி இங்கிலாந்தில் ஹிலரி ஃபிஷர் பேஜ் என்பவர் செய்த கட்டையே. அந்நாளையக் கட்டையின் உட்புறம் வெறும் கூடு. ஒன்றன்மேல் ஒன்று நிற்கும். ஆனால் உறுதியாகப் பற்றாது.

1955இல் தெருக்கள் அச்சிட்ட விரிப்பும், அதன்மேல் கட்டுவதற்குரிய வீடுகளும் கொண்ட நகரத் தொகுதி வெளிவந்தது. கட்டைகளைக் கொண்டு ஒரு நகரத்தையே அமைக்கலாம் என்ற எண்ணம் அப்போதே வேரூன்றிவிட்டது. 1958 ஜனவரி 28ஆம் நாள் ஓலேயின் மகன் கோட்ஃபிரெட், கட்டையின் உள்ளே குழல்கள் வைக்கும் முறைக்குக் காப்புரிமை கோரினார். இன்று நாம் கையாளும் கட்டை அதுதான். 1958இல் செய்த கட்டை இன்று செய்யும் கட்டையோடு பொருந்துகிறது. அறுபது ஆண்டுகளுக்கு மேலாக ஓர் அளவை மாற்றாமல் காத்து வருவது எளிய செயலன்று.

கட்டையின் இலக்கணம்

கட்டையின் மேலே உள்ளவை குமிழ்கள். உள்ளே உள்ளவை குழல்கள். அடுத்தடுத்த இரு குமிழ்களின் நடுப்புள்ளிகளுக்கு இடையே 8 மில்லிமீட்டர் தொலைவு. குமிழின் விட்டம் 4.8 மில்லிமீட்டர். நான்கு குமிழ்கள் ஒரு சதுரமாய் நிற்பதாகக் கொள்வோம். அச்சதுரத்தின் மூலைவிட்டம், 8ஐ இரண்டின் வர்க்கமூலத்தால் பெருக்க, 11.31 மில்லிமீட்டர். இதில் இரு புறமும் குமிழ்களின் அரைவிட்டங்கள் சேர்ந்து 4.8 போக, எஞ்சுவது 6.51. மேற்கட்டையின் குழலுடைய வெளிவிட்டமும் 6.51 மில்லிமீட்டரே! நான்கு குமிழ்களுக்கு நடுவே குழல் இறுக அமர்வதன் காரணம் இதுதான்.

இறுக்கம் மட்டும் போதுமா? போதாது. அழுத்தும்போது பிளாஸ்டிக் மிகச் சிறிதளவு விரிந்து கொடுக்க வேண்டும். பின் பழைய நிலைக்குத் திரும்ப முயல வேண்டும். அந்த முயற்சியே அழுத்தமாகி, அழுத்தம் உராய்வைத் தந்து, கட்டையைப் பிடித்து நிறுத்துகிறது. முதலில் பயன்பட்ட செல்லுலோஸ் அசெடேட் காலப்போக்கில் வளைந்தது. 1963இல் அதன் இடத்திற்கு ஏ.பி.எஸ். வந்தது. அது மூன்று பொருள்களின் கூட்டு. அக்ரிலோநைட்ரைல் விறைப்பைத் தருகிறது. பியூட்டடையீன் இரப்பரைப்போல் அடியைத் தாங்குகிறது. ஸ்டைரீன் பளபளப்பையும், உருகி அச்சில் ஓடும் எளிமையையும் தருகிறது. இதனை வார்க்கும் அச்சுகளில் மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கு பிழைக்கும் இடமில்லை.

உயரத்திலும் ஓர் ஒழுங்கு உண்டு. கட்டையின் உயரம் 9.6 மில்லிமீட்டர், தகட்டின் உயரம் 3.2. எனவே மூன்று தகடுகள் ஒரு கட்டைக்குச் சமம். ஐந்து தகடுகளை அடுக்கினால் 16 மில்லிமீட்டர். அது இரு குமிழ்களின் அகலம். இந்த ஐந்துக்கு இரண்டு என்ற விகிதம் தெரிந்தவர், கட்டைகளைப் பக்கவாட்டில் திருப்பியும் சுவரில் பொருத்திவிடுவார். சன்னல் வளைவுகளும் கடைப்பலகைகளும் பெரும்பாலும் இந்த உத்தியால் அமைபவையே.

எண்ணும் வலிமையும்

எட்டுக் குமிழ்கள் உடைய, ஒரே நிறமான இரு கட்டைகளை எத்தனை வகையாக இணைக்கலாம்? மேற்கட்டையைக் கீழ்க்கட்டைக்கு இணையாக வைக்க 21 இடங்களும், குறுக்காக வைக்க 25 இடங்களும் உண்டு. பாதி வட்டம் திருப்பினால் ஒன்றாகத் தோன்றுபவற்றை ஒருமுறையே எண்ண, இணையானவை 11, குறுக்கானவை 13, ஆகமொத்தம் 24. மூன்று கட்டைகளானால் 1,060. ஆறு கட்டைகளுக்கு 10,29,81,500 என்று நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். அது ஆறடுக்குக் கோபுரங்களை மட்டும் எண்ணிய கணக்கு. கோபன்ஹேகன் பல்கலைக்கழகக் கணித அறிஞர் சோரன் ஐலர்ஸ், ஒரே அடுக்கில் ஒன்றுக்கு மேற்பட்ட கட்டைகள் வருவனவற்றையும் கணிப்பொறியால் எண்ணி, 91,51,03,765 என்று கண்டார். ஆறு கட்டைகளுக்கே இப்படியென்றால், நாலாயிரத்துக்கு என்ன சொல்வது?

இனி வலிமை. 2012இல் பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகப் பொறியியலார், நான்கு குமிழ்க் கட்டைகளை இயந்திரத்தில் இட்டு அழுத்தினர். சராசரியாக 4,240 நியூட்டன் விசையில் அவை நசுங்கின. அது ஏறத்தாழ 432 கிலோகிராம் பாரத்துக்கு ஒப்பாகும். ஒரு கட்டையின் எடையோ 1.152 கிராம். வகுத்துப் பார்த்தால், அடிக்கட்டை நசுங்குவதற்கு முன் சுமார் 3,75,000 கட்டைகளைத் தாங்கும். உயரம் மூன்றரைக் கிலோமீட்டரையும் கடக்கும். உண்மையில் அத்தகைய கோபுரம் அதற்கு நெடுமுன்னரே வளைந்து சாய்ந்துவிடும். பொருளின் வலிமை வேறு, அமைப்பின் நிலைப்பு வேறு என்பதற்கு இதைவிட எளிய பாடம் இல்லை.

நகரம் கட்டும் முறை

முதல் வேலை பிரித்தல். நிறவாரியாகப் பிரிக்கவே கை நீளும். ஆனால் உருவவாரியாகப் பிரிப்பதே நன்று. ஒரே உருவமுடைய குவியலில் சிவப்பைக் கண் உடனே காணும். ஒரே சிவப்பான குவியலில் ஒரு சிறு உருவத்தைக் காண்பது கடினம். நாங்கள் உணவு விடுதியின் பழைய எவர்சில்வர் தட்டுகளை வாங்கி, துண்டுகளை அறுபது உருவங்களாகப் பிரித்தோம். கட்டுவதற்கான படக் கையேட்டை நிறுவனத்தின் இணையதளத்திலிருந்து எடுத்துக்கொண்டோம். அதன் இறுதியில் உள்ள பட்டியலோடு ஒப்பிட்டபோது 23 துண்டுகள் குறைந்தன. பெரும்பாலும் அவை சுவரின் உட்புறத்தவை. இரண்டு சிறு கட்டைகளின் இடத்தில் ஒரு பெரிய கட்டை எனச் சமன் செய்தோம்.

இரண்டாவது, சுவர் எழுப்புதல். கீழ் வரிசையின் மூட்டுக்கு நேர்மேலே மேல்வரிசையின் மூட்டு வரலாகாது. செங்கல் வைக்கும் கொத்தனார் பின்பற்றும் விதியும் இதுவே. மூட்டுகள் நேராக வந்தால் சுவர் மேலிருந்து கீழாகப் பிளக்கும்.

மூன்றாவது, அளவு. இந்நகரின் மனிதப் பொம்மை ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் உயரம். 170 சென்டிமீட்டர் மனிதனோடு ஒப்பிட, அளவு 42இல் 1 பங்கு. சதுக்கத்தின் அகலம் 48 குமிழ்கள், அதாவது 38.4 சென்டிமீட்டர், உண்மை நகரில் அது 16 மீட்டராகும். அந்தப் பதினாறு மீட்டரில் ரொட்டிக் கடை, பூக்கடை, காப்பிக் கடை, பல் மருத்துவர் அறை, இசைக்கருவிக் கடை, நடனக் கூடம், ஒரு குடியிருப்பு எல்லாம் அடங்குகின்றன. ஒவ்வொரு மாடியையும் தனியே தூக்கி எடுத்து உள்ளே பார்க்கலாம். மாடிகளுக்கிடையே குமிழ்களை ஏறக்குறைய முழுதும் வழுவழுப்பான ஓடுகளால் மூடிச் சிலவற்றை மட்டும் விட்டுவைப்பதால், பற்றும் உண்டு, பிரித்தலும் எளிது.

நான்காவது, இணைப்பு. 2007இல் வந்த ‘கஃபே கார்னர்’ முதல் இவ்வரிசைக் கட்டடங்கள் அனைத்திலும் பக்கச் சுவரின் அடியில் ஒரே இடத்தில் துளைகள் உள்ளன. ஊசிகளைச் செருகினால் யார் கட்டிய கட்டடமும் யார் கட்டிய கட்டடத்தோடும் சேர்ந்து தெருவாகிவிடும்.

கூடிக் கட்டியது

ஒரு துண்டுக்கு அரை நிமிடம் வீதம் 4,002 துண்டுகளுக்கு முப்பத்துமூன்று மணி நேரத்துக்கு மேலாகும். பன்னிரண்டு மாலைகளில் முடித்தோம். முதல் இரண்டு மாலைகளில் தமிழர் நால்வரே இருந்தோம். விடுதிப் பொதுக்கூடத்தில் வைத்துக் கட்டியதால் மற்றவரும் வந்து நின்றனர்; நின்றவர் அமர்ந்தனர். ஐந்தாம் மாலையில் ஒடியர் இருவர், வங்காளி ஒருவர், பஞ்சாபியர் இருவர் எங்களோடு இருந்தார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்களில் முதலாண்டுத் தம்பி ஒருவர் பள்ளிப்படிப்பு முழுவதும் தமிழில் படித்து வந்தவர். ஆங்கில விரிவுரைக்கும் இந்திப் பேச்சுக்கும் நடுவே வாய் திறவாமலே மாதங்களைக் கழித்தவர். ஊருக்கே திரும்பிவிடலாமா என்று என்னிடம் இருமுறை கேட்டிருந்தார். லெகோக் கையேட்டில் கட்டும் முறையைச் சொல்லும் சொற்கள் இல்லை, படங்களே உள்ளன. அப்படங்களை எங்கள் எல்லாரினும் விரைவாக அவர் படித்தார். பக்கவாட்டுக் கட்டைகள் வரும் மேல்மாடி எங்களைத் திகைக்க வைத்தபோது, அவரே விரலால் காட்டினார். எட்டாம் மாலையில், ‘இது எங்கே போகும்?’ என்று பஞ்சாபி நண்பர் ஆங்கிலத்தில் அவரைக் கேட்டார். அவரும் தமக்கு வந்த ஆங்கிலத்தில் விடை சொன்னார். அந்த விடையில் இலக்கணம் இருந்ததோ இல்லையோ, கட்டை சரியான இடத்தில் அமர்ந்தது. இன்று ஆய்வுக்கூடத்திலும் அவர் கேள்வி கேட்கிறார். இது கட்டையின் அருஞ்செயல் என்று நான் சொல்ல மாட்டேன். அறிவு இல்லாததால் அவர் பேசாதிருக்கவில்லை, அதைக் காட்ட வழி இல்லாமலே பேசாதிருந்தார் என்பது எங்களுக்குத் தெரியவந்தது, அவருக்கும் தெரியவந்தது.

இறுதியில் ஒரு வழக்கு எழுந்தது. காகிதத்தில் எழுதி ஒட்டும் கடைப்பலகைகள் எம்மொழியில் இருப்பது? ஆங்கிலமே பொது என்றனர் சிலர். மூட்டை தமிழ் மன்றத்தினுடையது, ஆகவே தமிழே என்றனர் சிலர். இரவு பத்து மணிவரை பேசினோம். கட்டியவரே எழுதுவது என்று முடிந்தது. ரொட்டிக் கடைக்குத் தமிழும், பூக்கடைக்கு வங்காளமும், பல் மருத்துவருக்குக் குருமுகி எழுத்தும், இசைக்கடைக்கு ஒடியமும் வாய்த்தன. பலகைகள் வேறாயினும் அடியில் உள்ள துளைகள் ஒன்றே. இணைதல் என்பது கரைந்து போதலன்று என்பதை நான் அந்தத் தெருவில் கண்டேன்.

பேணுதலும் பகிர்தலும்

கட்டிய நகரை வெயில் படும் சன்னலருகே வைக்கலாகாது. புற ஊதாக் கதிர்கள் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கை மஞ்சளாக்கும். தூசியை மென்மையான தூரிகையால் துடைக்க வேண்டும். கழுவுவதானால் கையால், 40 பாகை செல்சியசுக்கு மேற்படாத நீரில் கழுவலாம்.

இத்தொகுதிகளின் விலை மாணவரின் உதவித்தொகைக்கு ஏற்றதன்று. வீட்டிலிருந்து பணம் வருவிக்கும் நண்பர்கள் இதை வாங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அடிப்படைக் காப்புரிமைகள் காலாவதியான பின் பிற நிறுவனங்களும் பொருந்தும் கட்டைகளைச் செய்கின்றன. அதைவிடச் சிறந்த வழி, ஒரு தொகுதியைப் பலர் கட்டுவது. கலைத்துப் பிரித்தால் அடுத்த குழுவுக்கு அது புதிய நகரமே.

எனவே எங்கள் சதுக்கத்தை இம்மாத இறுதியில் கலைக்கவிருக்கிறோம். அறுபது தட்டுகளும் மன்றத்து அலமாரியில் இருக்கும். புதிதாக வந்திருக்கும் முதலாண்டு மாணவர்கள், தமிழரானாலும் பிறரானாலும், வந்து திறவுகோலைக் கேட்டுப் பெறலாம். கூடத்தில் வைத்துக் கட்டுங்கள். அறைக்குள் பூட்டி வைத்துக் கட்டாதீர்கள். நாங்கள் கேட்பது அவ்வளவே.