எண்ணப்பட்டன; எண்ணியது யார்?

உங்கள் இயற்பியல் செய்முறை நோட்டில் தனி ஊசல் சோதனை எழுதியிருக்கும் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "ஊசலின் நீளம் அளக்கப்பட்டது. ஊசல் சிறிய வீச்சில் அலைய விடப்பட்டது. 20 அலைவுகள் எண்ணப்பட்டன. நேரம் குறிக்கப்பட்டது." ஆங்கில வழியில் படிப்பவரின் நோட்டும் அப்படியே. வாக்கியத்துக்கு வாக்கியம் ஒரு 'வாஸ்' அல்லது 'வேர்' இருக்கும். அதன் பின்னால் 'மெஷர்டு', 'கவுண்ட்டட்', 'நோட்டட்' என்று ஒரு சொல் வரும். ஆங்கில வகுப்பில் பாஸிவ் வாய்ஸ் என்றும், தமிழ் வகுப்பில் செயப்பாட்டுவினை என்றும் நீங்கள் படித்தது இதுதான்.

எல்லா வேலையும் நடந்திருக்கிறது. செய்தவரை மட்டும் காணோம். சோதனைச்சாலையில் ஆளே இல்லையா?

ஆங்கிலம் இந்த அமைப்பை நாடுவதற்குத் தக்க காரணம் உண்டு. 'கவுண்ட்டட்' என்ற சொல்லைத் தனியாகக் கேட்டால் எண்ணியது நானா, அவளா, அவர்களா என்று தெரியாது. ஆகவே ஆங்கில வாக்கியத்துக்கு எழுவாய் வேண்டும். எழுவாயை எழுதினால் ஒவ்வொரு வரியும் 'நான், நான்' என்று தொடங்கும். அதைத் தவிர்க்கவே எண்ணப்பட்ட பொருளை முன்னே நிறுத்தி, எண்ணியவரை விட்டுவிடுகிறார்கள். சோதனையின் முடிவு யார் செய்தாலும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற எண்ணமும் இதற்குத் துணை நின்றது.

தமிழுக்கு இந்தச் சங்கடம் இல்லை. 'எண்ணினேன்', 'எண்ணினோம்', 'எண்ணினாள்' என்று விகுதியே ஆளைச் சொல்லிவிடுகிறது. 'நான்' என்று எழுதாமலே செய்வினையில் எழுதலாம். ஆத்தங்குடியில் தரைக்கல் செய்பவரிடம் முறையைக் கேட்டுப் பாருங்கள். "கண்ணாடி மேல் சட்டத்தை வைப்போம், சாயக் கலவையை ஊற்றுவோம், அதன் மேல் மணலும் சிமெண்டும் போட்டு மட்டம் செய்வோம், பிறகு தண்ணீரில் ஊற வைப்போம்" என்றுதான் சொல்வார். 'நாங்கள்' என்ற சொல் ஒரு தடவைகூட வராது. ஆனாலும் யார் செய்கிறார் என்பதில் ஐயம் இல்லை. ஆளைச் சொல்ல வேண்டாம் என்றாலும் தமிழில் வழி உண்டு. 'வெள்ளை அடித்தாயிற்று', 'வறுத்த கடலை', 'சுட்ட செங்கல்' என்கிறோமே! 'வறுக்கப்பட்ட கடலை' என்று கடைக்காரரிடம் கேட்டால் அவர் உங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார். வேலைக்கு உள்ளான பொருளையே வேலை செய்ததுபோலச் சொல்லும் வழக்கைத் தொல்காப்பியமே குறித்திருக்கிறது.

இதனால் என்ன நஷ்டம், மொழி ஆசிரியர் கவலைப்பட வேண்டிய விஷயம்தானே என்று கேட்பீர்கள். ஊசலுக்கே திரும்புவோம். 99.3 செ.மீ. நீளமுள்ள ஊசலின் அலைவு நேரம் 2 வினாடி. 20 அலைவுகளுக்கு 40 வினாடி ஆகவேண்டும். ஒரு மாணவருக்கு 38 வினாடிதான் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். அலைவு நேரம் 1.9 வினாடி என்று வரும். புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட்டால் 9.8-க்குப் பதில் சுமார் 10.9 மீ/வி² கிடைக்கும். நூற்றுக்கு 11 பங்கு பிழை! '20 அலைவுகள் எண்ணப்பட்டன, நேரம் குறிக்கப்பட்டது' என்ற வரிகளை எத்தனை முறை படித்தாலும் பிழை எங்கே என்று தெரியாது. அதையே அவர் இப்படி எழுதியிருந்தால்: "பக்கத்து மாணவர் 'ஒன்று' என்று சொன்னதும் கடிகாரத்தை ஓடவிட்டேன், 'இருபது' என்றதும் நிறுத்தினேன்." உடனே புலப்பட்டுவிடும். தொடங்கும் கணத்தில் ஓர் அலைவும் முடிந்திருக்காது. 'சுழி' என்றல்லவா தொடங்க வேண்டும்? அவர் அளந்தது 19 அலைவுகளின் நேரம். 38-ஐ 19-ஆல் வகுத்தால் சரியாக 2 வினாடி. சோதனையைத் திரும்பச் செய்யாமலே விடையைக் காப்பாற்றிவிடலாம்.

குளிர்தல் சோதனையில் இதைவிட நுட்பமான ஆபத்து இருக்கிறது. தமிழில் உருகு-உருக்கு, கரைந்து-கரைத்து, ஆறு-ஆற்று என்று வினைகள் சோடி சோடியாக இருக்கின்றன: தானே நடப்பதற்கு ஒன்று, ஒருவர் செய்வதற்கு மற்றொன்று. ஆங்கிலத்தில் மெழுகு தானே உருகினாலும் நாம் உருக்கினாலும் 'மெல்ட்' என்ற ஒரே சொல்தான். கலோரிமானியில் சுடுநீரை வைத்துவிட்டு அரை நிமிடத்துக்கு ஒரு முறை வெப்பநிலையைக் குறிக்கிறீர்கள். நீர் தானே ஆறுகிறது; அதுதான் சோதனை. 'நீர் குளிர்விக்கப்பட்டது' என்று எழுதினால், விசிறியை வைத்தோ பனிக்கட்டியில் இறக்கியோ யாரோ குளிரச் செய்தார்கள் என்று பொருள்படும். சொல் மாறியதால் சோதனையே வேறாகிவிட்டது! 'உப்பு கரையப்பட்டது' என்று எழுதுவோரும் உண்டு. அது எந்த மொழியும் அல்ல. 'கரைந்தது' அல்லது 'கரைத்தோம்' என்று எழுதுங்கள்.

செயப்பாட்டுவினையே கூடாது என்று நான் சொல்லவில்லை. செய்தவர் யாரென்பது தெளிவாக இருக்கும்போதும், பொருளே முக்கியமாக இருக்கும்போதும் அது நன்றாகப் பொருந்தும். எங்கள் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25-ல் ஜவஹர்லால் நேருவால் அடிக்கல் நாட்டப்பட்டது. 1953 ஜனவரி 14-ல் டாக்டர் ராதாகிருஷ்ணனால் திறந்துவைக்கப்பட்டது. கட்டடத்தின் கதையைச் சொல்லும்போது கட்டடத்தை முன்னே நிறுத்துவதுதானே முறை? இங்கே 'ஆல்' உருபு ஆளையும் காட்டிவிடுகிறது. ஆனால் 'தங்கள் விண்ணப்பம் தவறுதலாக விடப்பட்டுவிட்டது' என்று ஓர் அலுவலகக் கடிதம் வந்தால், விட்டவர் யார் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

பெரிய விஞ்ஞானிகள் எல்லாரும் தம்மை மறைத்துக்கொண்டுதான் எழுதினார்கள் என்று நினைக்க வேண்டாம். 1672-ல் ஒளியின் நிறங்களைப் பற்றி எழுதிய கடிதத்தில் நியூட்டன் 'நான்' என்றே எழுதினார். 1928-ல் சி. வி. ராமனும் கே. எஸ். கிருஷ்ணனும் நேச்சர் இதழுக்கு எழுதிய புகழ்பெற்ற குறிப்பின் முதல் வாக்கியத்திலேயே 'நாம்' வந்துவிடுகிறது. 1953-ல் வாட்ஸனும் கிரிக்கும் டி.என்.ஏ. அமைப்பை அறிவித்த கட்டுரையின் முதற்சொல்லே 'நாங்கள்'தான். இன்று நேச்சர் இதழ் தனக்கு எழுதுவோரிடம் செய்வினையையே விரும்புவதாகச் சொல்கிறது. இருந்தாலும் ஆங்கில ரெக்கார்டில் உங்கள் ஆசிரியர் 'வாஸ்' கேட்டால் அப்படியே எழுதுங்கள். மதிப்பெண் போடுபவர் அவர்!

இனி உங்களுக்கு ஒரு வேலை. "குவிலென்ஸ் ஜன்னலுக்கு எதிரே பிடிக்கப்பட்டது. திரை நகர்த்தப்பட்டது. தெளிவான பிம்பம் பெறப்பட்டது. குவியத் தூரம் அளக்கப்பட்டது." இதைச் செய்வினையில் எழுதிப் பாருங்கள். மூன்றாவது வாக்கியத்தில் கொஞ்சம் திணறுவீர்கள். பிம்பம் தெளிவாக இருக்கிறது என்று முடிவு செய்தது யாருடைய கண்? பக்கத்து மாணவருக்கும் அதே இடத்தில்தான் தெளிவாகத் தெரிந்ததா? திரையை முன்னும் பின்னும் நகர்த்தி, எத்தனை மில்லிமீட்டர் வரை பிம்பம் மங்காமல் இருந்தது என்று இருவரும் தனித்தனியே அளந்து, அந்த இரண்டு எண்களையும் சேர்த்து எழுதுங்கள்.