குளியலறையில் ஒரு கணக்குப்பிள்ளை

உங்கள் வீட்டு மெயின் ஸ்விட்சுக்குப் பக்கத்தில் ஃபியூஸ் கட்டை இருக்கும். புதிய வீடுகளில் அதற்குப் பதிலாகத் தானே விழுந்துவிடும் எம்.சி.பி. இருக்கும். இவை எதற்காக என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? "ஷாக் அடிக்காமல் நம்மைக் காப்பதற்கு" என்றுதான் பெரியவர்களிலேயே பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அது சரியா என்று ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஓம் விதி உங்களுக்குத் தெரியும். மின்னழுத்தத்தை மின்தடையால் வகுத்தால் மின்னோட்டம் கிடைக்கும். நம் உடலுக்கும் மின்தடை உண்டு. அதில் பெரும்பங்கு தோலின் மேற்புறத்தில்தான் இருக்கிறது. தோல் நன்றாக உலர்ந்திருந்தால் உடலின் தடை பல்லாயிரம் ஓம் வரை போகும். அதே தோல் சோப்பு நீரில் ஊறி ஈரமாக இருந்தால் ஏறத்தாழ 1,000 ஓம் என்ற அளவுக்கு இறங்கிவிடும். தோலுக்கு உள்ளே இருப்பதெல்லாம் உப்பு கலந்த நீர்தானே! நம் நாட்டு வீடுகளில் மின்னழுத்தம் 230 வோல்ட். அதை 1,000 ஓமால் வகுத்தால் 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர் வருகிறது.

5 ஆம்பியர் ஃபியூஸ் என்பது 5,000 மில்லி ஆம்பியரையும் தாங்கக்கூடியது. ஈரக் கையுடன் ஒருவர் மின்கசிவு உள்ள வாஷிங் மெஷினைத் தொட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் உடல் வழியே ஓடும் 230 மில்லி ஆம்பியர் ஃபியூஸுக்கு ஒரு பொருட்டே அல்ல. ஒரு சின்ன டேபிள் ஃபேன் ஓடுவதாகவே அது நினைத்துக்கொள்ளும்! ஃபியூஸும் எம்.சி.பி.யும் கம்பிகள் சூடேறித் தீப்பிடிக்காமல் காப்பவை. மனிதனைக் காப்பது அவற்றின் வேலையன்று.

ஆனால் ஒரு கேள்வி எழவேண்டும். ஒரே ஒரு கம்பியைத் தொட்டால் ஏன் ஷாக் அடிக்கிறது? மின்கம்பியின் மேல் உட்கார்ந்திருக்கும் காக்கைக்கு ஒன்றும் ஆவதில்லையே? மின்னோட்டத்துக்குப் போக ஒரு வழியும் திரும்ப ஒரு வழியும் வேண்டும். தெருவில் இருக்கும் டிரான்ஸ்பார்மரில் நியூட்ரல் கம்பியை மண்ணில் புதைத்த எர்த்துடன் இணைத்திருக்கிறார்கள். ஆகவே மண்ணே ஒரு திரும்பும் வழியாகிவிடுகிறது. வெறுங்காலுடன் ஈரத் தரையில் நின்று ஃபேஸைத் தொட்டால் கை, மார்பு, கால், தரை, மண், டிரான்ஸ்பார்மர் என்று சுற்று முழுமை பெற்றுவிடும். காக்கைக்கு அந்தத் தரை இல்லை. குளியலறையில் ஈரக் கையும் ஈரத் தரையும் வெறுங்காலும் ஒன்றாகச் சேர்கின்றன. வீட்டில் வேறெந்த அறையிலும் இந்த மூன்றும் இப்படி எப்போதும் கூடியிருப்பதில்லை.

எவ்வளவு மின்னோட்டம் ஆபத்து என்பதை அளந்தவர்களுள் முக்கியமானவர் சார்லஸ் டால்சீல். அமெரிக்காவில், பெர்க்லியில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் பேராசிரியராக இருந்தவர். அவருடைய சோதனை இன்று கேட்டால் நமக்குச் சற்று நடுக்கம் தரும். தாமாக முன்வந்தவர்களின் கையில் கம்பியைக் கொடுத்து, மின்னோட்டத்தை மெல்ல மெல்ல உயர்த்தி, எந்த அளவு வரை அவர்களால் கையை விட முடிகிறது என்று பார்த்தார். 134 ஆண்களும் 28 பெண்களும் இதில் பங்கேற்றார்கள்.

கையை விட முடியாமற் போவது ஏன்? தசைகள் மின்தூண்டலால் சுருங்குகின்றன. விரல்களை மடக்கும் தசைகள் விரிக்கும் தசைகளைவிட வலிமையானவை. ஆகவே எல்லாம் ஒருசேரச் சுருங்கும்போது கை மூடிக்கொள்கிறது. "கரண்ட் இழுத்துப் பிடித்துக்கொண்டது" என்று சொல்கிறோமே, உண்மையில் பிடித்துக்கொண்டிருப்பது நம் கையேதான். சராசரியாக ஆண்களுக்கு 16 மில்லி ஆம்பியரிலும் பெண்களுக்கு 10.5 மில்லி ஆம்பியரிலும் இந்த எல்லை வந்தது. ஏறத்தாழ எல்லோருமே விட்டுவிடக்கூடிய அளவு என்று பார்த்தால் ஆண்களுக்கு 9, பெண்களுக்கு 6 மில்லி ஆம்பியர்தான். குழந்தைகளுக்கு அதைவிடக் குறைவு.

இதற்கு மேலே போனால் இதயத்துக்கே ஆபத்து. இதயத்தின் கீழறைகள் ஒழுங்காகத் துடிப்பதை விட்டுத் தாறுமாறாக நடுங்கத் தொடங்கும், இரத்தம் வெளியேறாது. இங்கே மின்னோட்டத்தின் அளவோடு நேரமும் சேர்ந்துகொள்கிறது. விலங்குகளில் நடந்த சோதனைகளிலிருந்து டால்சீல் ஒரு சூத்திரம் தந்தார். 50 கிலோ எடையுள்ளவருக்கு, 116-ஐ நேரத்தின் (விநாடியில்) வர்க்கமூலத்தால் வகுத்தால், ஏறத்தாழ எல்லோருமே தாங்கக்கூடிய மில்லி ஆம்பியர் அளவு கிடைக்கும். 1 விநாடி என்றால் 116. நம் ஈரக்கை மனிதருக்கு ஓடுவது 230. அவர் பிழைப்பது அரிது. நேரத்தை 0.04 விநாடியாகக் குறைத்துவிடுங்கள். அதன் வர்க்கமூலம் 0.2. 116-ஐ 0.2-ஆல் வகுத்தால் 580! இப்போது அதே 230 மில்லி ஆம்பியர் எல்லைக்குள் வந்துவிடுகிறது. மின்னோட்டத்தைக் குறைக்க நம்மால் முடியாவிட்டாலும் நேரத்தைக் குறைத்து உயிரைக் காக்கலாம் என்பதுதான் இதன் பொருள்.

ஆனால் மின்சாரத்தை யார் நிறுத்துவது? ஆள் ஒருவர் அகப்பட்டுக்கொண்டார் என்று கருவிக்கு எப்படித் தெரியும்? இங்கேதான் நம் கணக்குப்பிள்ளை வருகிறார்.

ஒழுங்காக வேலை செய்யும் கருவியில் ஃபேஸ் வழியே எவ்வளவு போகிறதோ அவ்வளவும் நியூட்ரல் வழியே திரும்ப வேண்டும். ஒரு துளி குறைந்தாலும் அது வேறெங்கோ ஒழுகுகிறது என்று பொருள். ஒருவேளை ஒரு மனிதர் வழியாக! ஆகவே போனதையும் வந்ததையும் ஒப்பிட்டால் போதும். இதற்கு வளையல் போன்ற ஒரு காந்த உள்ளகத்தை எடுத்துக்கொள்கிறார்கள். ஃபேஸ், நியூட்ரல் ஆகிய இரண்டு கம்பிகளையும் அதன் நடுவே செலுத்துகிறார்கள். இரண்டிலும் மின்னோட்டம் சமமாகவும் எதிரெதிராகவும் ஓடுவதால் அவை உண்டாக்கும் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஹீட்டர் 10 ஆம்பியர் இழுத்தாலும் உள்ளகத்துக்கு அது தெரியாது. திரும்பி வருவது சில மில்லி ஆம்பியர் குறைந்தால் போதும், மிச்சக் காந்தப்புலம் ஒன்று தோன்றும். உள்ளகத்தின் மேல் மெல்லிய கம்பியால் பல சுற்றுகள் சுற்றிய இன்னொரு சுருள் இருக்கிறது. மிச்சப் புலம் அதில் மின்னழுத்தத்தைத் தூண்ட, அது விசையை விடுவித்து ஸ்விட்சைத் தட்டிவிடும். பள்ளியில் படிக்கும் மின்மாற்றிதான். வேறு மந்திரம் ஒன்றுமில்லை.

1961-இல் டால்சீல், 5 மில்லி ஆம்பியர் கசிவுக்கே துண்டிக்கும் இத்தகைய சாதனத்தை உருவாக்கினார். 5 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று இப்போது உங்களுக்குப் புரியும்: கையை விடமுடியும் எல்லைக்குச் சற்றுக் கீழே. அமெரிக்க மின் விதித்தொகுப்பு 1968-இல் நீச்சல் குளத்து நீரடி விளக்குகளுக்கு இதைக் கட்டாயமாக்கியது. 1975-இல் குளியலறைகளுக்கும், 1978-இல் கார் நிறுத்தும் அறைகளுக்கும், 1987-இல் சமையலறைத் தொட்டியை ஒட்டிய இடங்களுக்கும் விதி விரிந்தது. பழைய வீடுகளை இந்த விதிகள் கட்டாயப்படுத்தவில்லை. அதனால் அங்கே சாதனத்தை பிளக் பாயிண்டுக்குள்ளேயே அடக்கிவிட்டது பெரிய வசதியாயிற்று. பழைய பாயிண்டைக் கழற்றி, அதே பெட்டியில் புதியதைப் பொருத்திவிடலாம்.

இந்த பாயிண்டின் பின்புறம் இரண்டு ஜோடித் திருகுகள் உண்டு. மின்சாரம் வரும் கம்பிகளுக்கு 'லைன்'. அங்கிருந்து அடுத்த பாயிண்டுகளுக்குப் போகும் கம்பிகளுக்கு 'லோடு'. சரியாக இணைத்தால் இந்த ஒரு பாயிண்டே அதற்குப் பின்னால் உள்ள எல்லாவற்றையும் காக்கும். பழைய வகைகளில் இரண்டையும் மாற்றி இணைத்துவிட்டால் ஒரு விபரீதம் நேரும். சோதனைப் பொத்தானை அழுத்தினால் 'டக்'கென்று ஓசை கேட்கும்; ஆனால் அதே பாயிண்டில் மின்சாரம் நிற்காது! இன்றைய வகைகள் மாற்றி இணைத்தால் இயங்க மறுத்துவிடுகின்றன. எனினும் ஒரு மேசை விளக்கைச் செருகிவைத்துப் பொத்தானை அழுத்தி, விளக்கு அணைகிறதா என்று பார்ப்பதே நம்பத்தக்க சோதனை. காதால் கேட்டதைவிடக் கண்ணால் கண்டது மேல்.

நம் வீடுகளில் இதே கணக்குப்பிள்ளை மெயின் போர்டில் உட்கார்ந்திருக்கிறார். பெயர் ஆர்.சி.சி.பி. எலெக்ட்ரீஷியன்கள் பழைய பழக்கத்தில் ஈ.எல்.சி.பி. என்பார்கள். இவர் வீடு முழுவதற்கும் ஒரே ஆள். ஃபிரிட்ஜ், மோட்டார், கணினி ஒவ்வொன்றிலும் இயல்பாகவே இம்மியளவு கசிவு உண்டு. எல்லாம் சேர்ந்து 5 மில்லி ஆம்பியரை எளிதில் தாண்டிவிடும். அதனால் இங்கே எல்லையை 30 மில்லி ஆம்பியர் என்று வைத்திருக்கிறார்கள். கையை விட முடியாத எல்லைக்கு இது மேலே இருந்தாலும், கசிவு 150 மில்லி ஆம்பியரைத் தொட்டால் 0.04 விநாடிக்குள் துண்டித்துவிட வேண்டும் என்பது இதன் தர விதி. மேலே நாம் போட்ட கணக்கில் 0.04 வந்ததை மறந்திருக்கமாட்டீர்கள்.

இதனால் முடியாதவையும் உண்டு. ஷாக் அடிப்பதை இது தடுக்காது. நீளாமல் தடுக்கும், அவ்வளவே. ஒரு கையால் ஃபேஸையும் மறு கையால் நியூட்ரலையும், தரையில் படாமல் நின்று தொட்டால் போனதும் வந்ததும் சமமாகவே இருக்கும். கணக்குப்பிள்ளைக்கு நீங்களும் ஒரு பல்புதான். இன்னொன்று, எர்த் கம்பி வேண்டாம் என்று எண்ணிவிடாதீர்கள். எர்த் உள்ள கீசரில் கசிவு தொடங்கியவுடனே அது எர்த் வழியே ஓடி, யாரும் தொடுவதற்கு முன்பே ஸ்விட்ச் விழும். எர்த் இல்லாவிட்டால் முதலில் தொடுகிறவரே எர்த் ஆகவேண்டியிருக்கும்.

மழைக்காலத்தில் இந்த ஸ்விட்ச் அடிக்கடி விழுவதாகப் பல வீடுகளில் குறை கூறுவார்கள். "தொந்தரவாக இருக்கிறது" என்று கழற்றிவிட்டு நேராக இணைத்துக்கொள்வோரும் உண்டு. இதைவிட ஆபத்தான சிக்கனம் வேறில்லை என்பது என் எண்ணம். விழுகிறதென்றால் எங்கோ கசிகிறது. கீசர், கிரைண்டர், மோட்டார் என்று எல்லாவற்றின் பிளக்குகளையும் பிடுங்கிவிட்டு ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தால் கள்ளன் பெரும்பாலும் அகப்பட்டுவிடுவான். பிளக்கைப் பிடுங்கினால் இரு கம்பிகளும் விடுபடும். ஸ்விட்சை மட்டும் அணைத்தால் நியூட்ரல் பக்கத்துக் கசிவு அப்படியே இருக்கும். எதிலும் குறை இல்லாமலே விழுகிறதா? அப்போது ஒரு சுற்றின் நியூட்ரலை வேறொரு சுற்றின் நியூட்ரலோடு யாரோ கலந்து கட்டியிருக்கலாம். போனது இந்த வழி, வந்தது அந்த வழி. கணக்கு எப்படிச் சரியாகும்? இதை எலெக்ட்ரீஷியன்தான் பிரித்துக் கட்டவேண்டும். நீங்கள் போர்டைத் திறக்காதீர்கள்.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ஆர்.சி.சி.பி.யின் முகப்பில் 'டி' என்ற எழுத்துடன் ஒரு சிறு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் ஒரு மின்தடை வழியாகச் சிறிது மின்னோட்டம் வளையத்துக்கு வெளியே திருப்பிவிடப்படுகிறது. செயற்கையான ஒரு கசிவு. அமெரிக்க பாயிண்டுகளில் இதற்கு ஏறத்தாழ 15,000 ஓம் தடை வைப்பார்கள். 120 வோல்ட்டை அதனால் வகுத்தால் எவ்வளவு என்று நீங்களே பாருங்கள். மாதம் ஒருமுறை, கணினியையெல்லாம் முறையாக அணைத்துவிட்டு, பெரியவர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு அந்தப் பொத்தானை அழுத்துங்கள். உடனே வீடு முழுவதும் மின்சாரம் நிற்கவேண்டும். பல ஆண்டுகள் அசையாமலே கிடந்தால் உள்ளிருக்கும் பொறி இறுகிப்போவதுண்டு. அழுத்தியும் விளக்குகள் எரிந்துகொண்டே இருந்தால், அன்றைக்கே எலெக்ட்ரீஷியனை வரவழைத்து அதை மாற்றச் சொல்லுங்கள். அதுவரை கீசர் வேண்டாம். வெந்நீர் போடும் ராடும் வேண்டாம்.