பூச்சுக்கு முன் பதிக்க வேண்டியவை
நாம் கட்டும் வீட்டில் இணையம், தொலைக்காட்சி, கண்காணிப்புக் கேமரா ஆகியவற்றுக்கான கேபிள்கள் எவ்வழியே செல்லும் என்பதைத் தளத்துக்குக் கான்கிரீட் இடுமுன்பே முடிவுசெய்தல் நலம். 230 வோல்ட் மின்கம்பி செல்லும் குழாயில் இவற்றைச் சேர்த்து இழுக்கலாகாது. காப்புறை பழுதுற்றால் அம்மின்சாரம் கருவிகளிலும் பாயக்கூடும். தனிக்குழாயை ஓர் அடி தள்ளிப் பதிப்போம். குறுக்கிட நேரின் செங்குத்தாகக் கடக்கச் செய்வோம். கேட்-6 கேபிள், நடுவில் ஒட்டின்றி, 100 மீட்டருக்கு மிகாமல், ஒவ்வோர் அறையிலிருந்தும் ஒரே பெட்டிக்கு வரட்டும். பிற்காலத் தேவைக்கு ஒரு வெற்றுக் குழாயும் இருக்கட்டும். சுவர் பூசுமுன் அளவுநாடா வைத்துப் படமெடுத்துக்கொள்வோம். கடன்தொகை முழுவதையும் பெற்றபின் சுவரை உடைக்க நேர்ந்தால், அச்செலவை நம் சேமிப்பே தாங்க வேண்டும்.