பொய்க்கும் கோடையும் உவர்க் கிணறும்

மூலக்கொத்தளம், இராயபுரம் பக்கங்களில் கொல்லையிலும் மாடியிலும் காய்கறி வைப்போர் கோடையில் கடற்காற்றையே நம்பியிருக்கின்றனர். மேல்காற்று வலுத்தால் அது பிற்பகல் வரை தாமதிக்கும். சில நாள் வருவதேயில்லை. 2003 மே 31-இல் சென்னையில் உஷ்ணம் 45 டிகிரி செல்சியஸ் ஆயிற்று. கோடை மழையோ இன்னும் நம்பத்தகாதது: 2010 மே மாதம் லைலா புயலால் கொட்டிற்று, 2019 ஜூனில் புழல் ஏரியே வறண்டது.

ஆகவே, மழையை எண்ணித் தக்காளி நடவேண்டாம். கடும் உஷ்ணத்தில் அது பூவுதிர்க்கும். கொத்தவரையும் தண்டுக்கீரையும் போதும். வேரடியில் சருகு பரப்பி, விடியலில் நீர் விடுக. கிணற்று நீர் உவர்ப்பாயின், நாள்தோறும் சிறிது தெளிப்பது கேடு. நீர் உலர்ந்து உப்பு மேல்மண்ணிலேயே தங்கும். அடித்துளை வழியே வடியுமாறு இடையிடையே நிறைய ஊற்றவேண்டும். திடீர் மழை வந்தாலோ, தொட்டிகளை உள்ளே எடுக்கச் சிலர் ஓடுகின்றனர்! அவ்வுப்பைக் கழுவ வேறு நன்னீர் ஏது? அவற்றை வெளியிலேயே விட்டு, அடித்துளை அடையாமல் மட்டும் பார்த்துக்கொள்க.