புனித ஜார்ஜ் கோட்டையை ஆண்ட இரண்டு அமெரிக்கக் குடும்பங்கள்: முக்கியக் குறிப்புகள்

வல்லம் வடகால் சிப்காட்டில் ஷிஃப்ட் பார்த்துக்கொண்டே குரூப் 2, குரூப் 4 படிக்கிறவர்களுக்காக எழுதியது. சென்னை மாநகராட்சியின் முதல் மேயர் யார் என்றால் நதானியேல் ஹிக்கின்சன் என்று எல்லோரும் சொல்லிவிடுவோம். அவர் எங்கே பிறந்தார் என்றால் இங்கிலாந்து என்போம். அது தவறு. அவரும், அவருக்கு முன் ஆளுநராக இருந்த எலிஹூ யேலும் அமெரிக்காவில் குடியேறிய ஆங்கிலேயர் குடும்பத்துப் பிள்ளைகள். 1687 முதல் 1698 வரை மதராஸ் இவர்கள் இருவர் கையில்தான் இருந்தது. வெறும் ஆண்டுகளாகப் படித்தால் குழம்பும். குடும்பத்தோடு சேர்த்துப் படித்தால் மறக்காது.

யேல் குடும்பம்

• பூர்வீகம் வேல்ஸ் நாட்டின் ரெக்சம் பக்கம். எலிஹூவின் பாட்டி ஆன், கணவர் தாமஸ் யேல் இறந்தபின் தியோபிலஸ் ஈட்டன் என்ற வணிகரை மணந்தார்.

• மதக் கெடுபிடி தாங்காத பியூரிட்டன்கள் கூட்டத்தோடு இந்தக் குடும்பம் 1637-ல் பாஸ்டன் வந்து இறங்கியது. 1638-ல் நியூ ஹேவன் குடியேற்றம் உருவானது. அதன் முதல் ஆளுநர் ஈட்டன். 1658-ல் இறக்கும்வரை அவரே ஆளுநர்.

• எலிஹூ பிறந்தது 1649, பாஸ்டன். மூன்று வயதிலேயே பெற்றோருடன் இங்கிலாந்து போனவர் அமெரிக்காவுக்குத் திரும்பவே இல்லை.

• 1672-ல் மதராஸ் வந்தார், கிழக்கிந்தியக் கம்பெனி எழுத்தராக. 1680 நவம்பர் 4 அன்று கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயத்தில் கேத்தரின் ஹின்மர்ஸ் என்ற விதவையை மணந்தார். அந்தத் தேவாலயப் பதிவேட்டின் முதல் திருமணம் இது. (ராபர்ட் கிளைவ் மணம் முடித்ததும் இங்கேதான், 1753-ல்.)

• ஆளுநர்: 1687–1692. 1690-ல் கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினம் கோட்டையை மராத்தியரிடம் விலைக்கு வாங்கினார். பீரங்கியால் சுட்டு, குண்டு விழுந்த தூரம்வரை உள்ள ஊர்களெல்லாம் கம்பெனிக்கு என்பது ஒப்பந்தம். புனித டேவிட் கோட்டை என்று பெயர் வைத்தார்கள். டேவிட் வேல்ஸ் நாட்டின் காவல் புனிதர். யேலின் மகன் பெயரும் அதுவே.

• அந்தக் குழந்தை 1688-லேயே இறந்துவிட்டது. அம்மாவின் முதல் கணவர் ஜோசப் ஹின்மர்ஸின் கல்லறையிலேயே அடக்கம் செய்தார்கள். அன்றைய இடுகாடு இன்றைய உயர் நீதிமன்ற வளாகம். 1758-59 பிரெஞ்சு முற்றுகையில் எதிரிகள் கல்லறைகளுக்குப் பின்னால் பதுங்கியதால், பிறகு இடுகாட்டையே அப்புறப்படுத்தினார்கள். இந்தக் கூம்பு வடிவக் கல்லறை தப்பியது.

• சொந்த வியாபாரத்துக்குப் பதவியைப் பயன்படுத்தினார் என்ற புகார்களுக்கு நடுவே 1692-ல் பதவி போனது.

• யேல் பல்கலைக்கழகத்தை நிறுவியவர் இவர் அல்ல. கல்லூரி 1701-லேயே தொடங்கிவிட்டது. 1718-ல் இவர் 9 மூட்டைச் சரக்கும், 417 புத்தகங்களும், முதலாம் ஜார்ஜ் மன்னரின் ஓவியமும் அனுப்பினார். சரக்கு சுமார் 562 பவுண்டுக்கு விற்றது. அதற்காகத்தான் அந்தப் பெயர். கொடையாளர் என்ற பக்கத்தை மட்டும் படித்து நிறுத்திவிடக் கூடாது. இவர் பொறுப்பில் இருந்த காலத்தில் மதராஸ் துறைமுகம் வழியாக மனிதர்களையும் விற்றார்கள். அடிமை முறையோடு தனக்கிருந்த தொடர்புக்காக யேல் பல்கலைக்கழகம் 2024-ல் மன்னிப்புக் கேட்டது.

ஹிக்கின்சன் குடும்பம்

• தாத்தா பிரான்சிஸ் ஹிக்கின்சன் 1629-ல் மாசசூசெட்ஸின் சேலம் வந்த பாதிரியார். அடுத்த ஆண்டே இறந்தார். அப்பா ஜானும் அதே சேலத்தில் பாதிரியார். நம்ம சேலம் இல்லை, குழப்பிக்கொள்ளாதீர்கள்.

• நதானியேல்: 1652, கனெக்டிகட்டின் கில்ஃபோர்டில் பிறப்பு, 1670-ல் ஹார்வர்ட் பட்டதாரி.

• இவர் முதல் மேயரான சென்னை மாநகராட்சியின் சாசனம் 1687 டிசம்பர் 30. தொடக்கம் 1688 செப்டம்பர் 29. ஒரு மேயர், 12 ஆல்டர்மேன்கள். ஆல்டர்மேன்களில் சின்ன வெங்கடாத்ரி, முத்து வீரண்ணா, ஆலங்காத்த பிள்ளை ஆகிய நம்மவர்களும் உண்டு. மேயர் பெயரோடு இந்த மூன்று பெயர்களையும் படித்துவிடுங்கள்.

• 1692 அக்டோபரில் யேலுக்குப் பதிலாக ஆளுநரானார். அதே ஆண்டு ஜூனில், சேலம் சூனியக்கார வழக்குகளில் இவர் அக்கா தங்கைகளில் ஒருவரான ஆன் டோலிவர் கைதாகியிருந்தார். ஒரே வீட்டுப் பிள்ளைகளில் ஒருவர் கோட்டையை ஆள, இன்னொருவர் சூனியக்காரி என்ற பழியோடு நின்றார். பாடப் புத்தகத்தில் இது வராது. எனக்கு மனதில் நிற்பது இதுதான்.

• எழும்பூர், புரசைவாக்கம், தண்டையார்பேட்டை 1693-ல் கம்பெனி வசமானது இவர் காலத்தில்.

• 1698-ல் விலகினார். அடுத்த ஆளுநர் தாமஸ் பிட் (1698–1709).

வாரவிடுப்பில் ஒரு நாள் பஸ் ஏறிக் கோட்டைக்குப் போய்வாருங்கள். அடையாள அட்டை கையில் இருக்கட்டும். முதலில் புனித மேரி தேவாலயம், பிறகு கோட்டை அருங்காட்சியகம்.