பாக்கெட் அல்வாவும் உருளி அல்வாவும்: இளம் சரக்கு மாஸ்டருக்கு ஒரு கடிதம்

திருநெல்வேலி லாலா கடை ஒன்றின் அடுப்படியில் தொழில் பழகும் தம்பிக்கு,

திருநெல்வேலி அல்வா இன்று இரண்டு வழிகளில் தின்பவர் கைக்குப் போய்ச் சேர்கிறது. உருளியிலிருந்து இறக்கிய சூடு ஆறுமுன்னே வாழையிலைத் துண்டில் வைத்து, கடை வாசலில் நின்றபடியே தின்னத் தரப்படுவது ஒரு வழி; உறையில் அடைத்து ஒட்டப்பட்டு, வெளியூர்ச் சூப்பர் மார்க்கெட் அலமாரியில் நாள்கணக்கில் காத்திருந்து விலைபோவது மற்றொரு வழி. இரண்டின் மேலும் ஊர்ப்பெயர் ஒன்றே இருந்தாலும், தின்று பார்த்தவர் எவரும் இரண்டையும் ஒரே பண்டம் என்று ஒப்புக்கொள்வதில்லை. இந்த வேறுபாட்டுக்குத் தாமிரபரணித் தண்ணீரைக் காரணமாகச் சொல்வது ஊர் வழக்கம். பொதிகையில் பிறந்து வரும் அந்த ஆற்றின் மேல் ஊரார் வைத்திருக்கும் பற்று மதிக்கத்தக்கதே. ஆயினும் அதே ஊரில், அதே தண்ணீரில், அதே கையால் கிண்டிய அல்வாவும் பாக்கெட்டுக்குள் பத்து நாள் இருந்து வெளியே வரும்போது வேறாகிவிடுகிறது என்பதால், இந்தக் கேள்விக்குத் தண்ணீர் விடையாகாது. விடை கோதுமைப் பாலுக்குள் இருக்கிறது. தம்பி முதலில் கற்க வேண்டிய பாடமும் அதுவே.

இரவெல்லாம் ஊறிய சம்பா கோதுமையை ஆட்டிப் பிழியும்போது, தவிடும் கோந்துபோல் இழுபடும் புரதத்தின் பெரும்பகுதியும் சக்கையில் தங்கிவிட, மாவுச்சத்து தண்ணீரோடு பாலாக இறங்குகிறது. இந்தப் பாலைச் சில மணி நேரம் அசைக்காமல் வைத்தால், அடியில் வெண்ணிறமாய் மாவு படிந்து, மேலே சற்று மஞ்சளோடிய தெளிந்த நீர் நிற்கும். அந்த நீரைப் பாத்திரத்தைச் சாய்த்துப் பொறுமையாக இறுத்துவிடுவது சின்ன வேலையாகத் தோன்றினாலும், அன்றைய அல்வாவின் பாதி விதி அங்கேதான் தீர்மானமாகிறது. இறுத்துவிடத் தவறினால் நீரின் அளவு கைக்குப் பிடிபடாமல் போய், அடுப்பில் கூடுதல் நேரம் நிற்க வேண்டியதாகி, சீனிப் பாகும் பாலும் ஒன்றுக்கொன்று காத்திருந்து கெடும். அடுப்பேறிய பின் மாவுச்சத்தின் நுண்மணிகள் நீரை உறிஞ்சி உப்பி, ஏறத்தாழ 60 பாகை செல்சியஸ் வெப்பத்திலேயே கூழாகத் தொடங்கிவிடும். ஆனால் கோதுமையின் எடையைப்போல் இரு மடங்குக்குக் குறையாமல் சேரும் சீனி அந்த நீரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால், மணிகள் முழுதாக வெந்து முடிய நெடுநேரம் பிடிக்கிறது. துடுப்பைக் கீழே வைக்காமல் கிண்ட வேண்டியிருப்பதன் காரணம் இதுவே. கருக்கிய சீனியால் நிறமேறி, சிறுகச் சிறுக ஊற்றிய நெய்யை முதலில் குடித்துக்கொண்டே வந்த கலவை, ஒரு கட்டத்தில் உருளியின் பக்கங்களை விட்டுச் சுருண்டு, குடித்த நெய்யைக் கக்கத் தொடங்கும். நெய் கக்குவது தொடங்கிவிட்டால் அல்வா முடிந்துவிட்டது என்று எண்ணுவது புதியவர்களின் பிழை. இன்னும் சிறிது நேரம் கிண்டி, ஒரு துளியை எடுத்து விரலிடையில் உருட்டினால், ஒட்டாமல் கண்ணாடிபோல் வழுக்க வேண்டும். பல்லில் ஒட்டும் அல்வா வேகாத அல்வா.

இப்படி வெந்த மாவுச்சத்து ஆறத் தொடங்கியதும் பின்னோக்கி நடக்கத் தலைப்படுகிறது. வெந்தபோது பிரிந்து விரிந்த இழைகள் ஆறும்போது மீண்டும் ஒன்றோடொன்று நெருங்கி அடுக்காகி, தமக்கிடையே இருந்த நீரை வெளியே தள்ளுவதால், பண்டம் இறுகிப் பொருபொருப்பாகிறது. பழைய ரொட்டி காய்வதும் ஆறிய சோறு விறைப்பதும் இதே மாற்றத்தால்தான். குளிர்பெட்டியின் 4 பாகை வெப்பம் இந்த இறுக்கத்தை மிகவும் விரைவுபடுத்துகிறது. ஜப்பானியரின் சூஷி இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. வினிகரும் சீனியும் உப்பும் கலந்த சோற்றைக் கைக்குள் பிடித்து, மேலே மீன் துண்டு வைத்துத் தரப்படும் அந்தப் பண்டம், உணவகத்தில் உடல் வெப்பத்திலிருக்கும் சோற்றால் செய்யப்பட்டுச் சில நிமிடங்களுக்குள் உண்ணப்படுகிறது. சூப்பர் மார்க்கெட்டிலோ பச்சை மீன் கெடாமலிருக்க அதைக் குளிரில் வைத்தாக வேண்டியிருப்பதால், மீனைக் காக்கும் அந்தக் குளிரே சோற்றை விறைக்க வைத்துவிடுகிறது. ஒன்றைக் காத்தால் மற்றொன்று போகும் அந்தச் சிக்கலிலிருந்து அங்கே சூஷி செய்பவருக்கு எளிதான விடுதலை இல்லை. அல்வா செய்பவருக்கு அந்தச் சிக்கலே கிடையாது. நிறைந்த சீனி, மாவுச்சத்து இறுகுவதையும் தாமதப்படுத்துகிறது, கிருமிகளுக்கு நீர் கிடைக்காமலும் செய்கிறது. நன்றாக வெந்த அல்வாவுக்குக் குளிர்பெட்டி வேண்டியதே இல்லை. ஆகவே பாக்கெட் சூஷி தாழ்ந்துபோவதற்கு நியாயம் உண்டு; பாக்கெட் அல்வா அந்த அளவுக்குத் தாழ்ந்துபோவதற்கு நியாயம் கிடையாது. அது தாழ்வது பெரும்பாலும் மனிதர் செய்யும் காரியங்களால்.

அவற்றுள் முதலாவது, எடைக்காகப் பதத்துக்கு முன்பே இறக்குவது. வற்ற வேண்டிய நீர் வற்றாமல் உள்ளே தங்கினால் எடை கூடும், விறகு மிச்சமாகும். ஆனால் அந்த நீரே சில நாளில் பூசணத்துக்கு வழி திறக்கும். இரண்டாவது, சூடு ஆறுமுன் உறையை ஒட்டிவிடுவது. உள்ளே எழும் ஆவி உறையின் உட்புறத்தில் முத்து முத்தாகக் கோத்து மீண்டும் அல்வாவின் மேல் சொட்ட, சொட்டிய இடத்தில் சீனி கரைந்து நீர்த்து, பச்சைப் புள்ளி முதலில் அங்கேதான் தோன்றும். மூன்றாவது நெய்யைப் பற்றியது. நெய் வாய்ச் சூட்டில் உருகி மறைந்துவிடும். அதன் இடத்தில் சேர்க்கப்படும் வனஸ்பதியோ முழுதாக உருகாமல் மேலண்ணத்தில் மெழுகுபோல் படிந்து, அடுத்த வாயின் சுவையையும் மறைத்துவிடும். ஊடுபுலப்படும் உறையில் வெளிச்சம் பட்டுக் கிடக்கும் நெய் விரைவில் சிக்கு வாடை அடிக்கும் என்பதால், நல்ல நெய் ஊற்றுபவர் வெளிச்சம் புகாத உறைக்கும் செலவழிக்கத்தான் வேண்டும்.

கோதுமைப் பாலுக்குப் பதிலாக மக்காச்சோள மாவோ மைதாவோ இடுவது தனியாகப் பேச வேண்டியது. சோளமாவு துண்டு துண்டாக வெட்ட வரும், பயணத்தில் உருக்குலையாது, மென்றால் ரப்பர்போல் எதிர்த்து நிற்கும். பம்பாய் அல்வா என்ற பெயரில் அது தனக்குரிய இடத்தில் நல்ல பண்டமே. மைதாவும் அப்படித்தான். தூத்துக்குடி மாவட்டத்து முதலூரில் மைதாவைக் கரைத்தெடுத்த பாலோடு தேங்காய்ப் பாலைச் சேர்த்து, அந்தத் தேங்காயின் எண்ணெயே பிரிந்துவரக் கிண்டும் மஸ்கோத் அல்வா, நெய்யே இல்லாமல் தன் சொந்தப் பெயரில் தலைநிமிர்ந்து விற்கிறது. மாவை மாற்றுவது குற்றமாகாது. மாற்றிவிட்டுத் திருநெல்வேலிக் கோதுமை அல்வா என்று அச்சிடுவதுதான் குற்றம்.

நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே கீழ ரத வீதியில் 1900 வாக்கில் தொடங்கிய இருட்டுக்கடை, மாலையில் திறந்து, இருப்புத் தீர்ந்ததும் மூடிவிடும் வழக்கத்தை இன்றுவரை வைத்திருப்பதைத் தம்பி ஒரு வியாபார வினோதமாகப் பார்க்கக் கூடாது. கிண்டியதற்கும் தின்பதற்கும் இடையிலுள்ள நேரத்தை மணிக்கணக்கில் நிறுத்திவைப்பதே அந்த வழக்கத்தின் பயன். மாவுச்சத்து இறுகத் தொடங்குமுன் இலை காலியாகிவிடுகிறது. உதிரியாக விற்கும் இனிப்புகளுக்கும் எந்த நாளுக்குள் உண்ண வேண்டும் என்று கடையில் எழுதி வைக்க வேண்டும் என இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020 அக்டோபர் 1 முதல் கட்டாயமாக்கியபோது பல கடைகளுக்கு அது சுமையாகத் தோன்றியது. அன்றாடம் தீர்ந்துபோகும் சரக்குக்கு அந்தப் பலகை ஒரு சுமையே அன்று.

என்றாலும் பாக்கெட்டை இழிவாக நினைக்க வேண்டாம். சென்னையிலும் துபாயிலும் சிங்கப்பூரிலும் பிழைக்கப் போன நெல்லைக்காரருக்கு ஊர் போய்ச் சேருவது அந்த உறைக்குள்தான். அவர்களுக்குப் போவதைக் கூடுதல் கவனத்தோடு கிண்டுவதே முறை. இலைக்குப் போகும் அல்வா சற்று இளக்கமாக இறங்கலாம். உறைக்குப் போவது இன்னும் ஒரு பதம் கடந்து, நீர் நன்றாக வற்றிய பின் இறங்க வேண்டும். அகன்ற தட்டில் முழுதும் ஆறிய பிறகே ஒட்டப்பட வேண்டும். இறுகிய மாவுச்சத்து மிதமான சூட்டில் மீண்டும் இளகும் என்பதால், குளிர்பெட்டியில் வைக்க வேண்டாம், சற்றே சூடாக்கித் தின்னவும் என்று உறையின் மேல் இரண்டு வரி அச்சிட்டாலே பாதிக் குறை தீரும். செலவில்லாத இந்த வேலையைச் செய்பவர் மிகச் சிலர். அப்படிச் செய்த பாக்கெட்டும் உருளி அல்வாவுக்கு ஒரு படி கீழேதான் நிற்கும், ஒரே ஒரு படி மட்டும்.

தீபாவளி நெருங்கும் வாரங்களில் ஆர்டர் குவியும், முதலாளி அவசரப்படுத்துவார், அடுத்த சரக்குக்காக உருளியைக் காலி செய்யச் சொல்வார்கள். நெய் கக்கத் தொடங்கிய பின் கிண்ட வேண்டிய அந்தக் கடைசி நேரத்தை மட்டும் எவருக்காகவும் விட்டுக்கொடுக்க வேண்டாம் என்பதே தம்பியிடம் கேட்டுக்கொள்வது.