கொட்டகையில் தூங்கிய ஆயில் இன்ஜினை எழுப்புவது எப்படி?

இயற்கை விவசாயப் பத்திரிகையில் டீசல் இன்ஜினுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். போன புரட்டாசியில் எங்கள் பக்கத்து டிரான்ஸ்பார்மர் எரிந்துபோனது. வயலில் மாப்பிள்ளை சம்பா நாற்று, வயது 12 நாள். விதை நானே சேர்த்தது, மறுபடி விதைக்கக் கையில் மிச்சம் இல்லை. கிணற்றில் தண்ணீர் தளும்புது, மேலே ஏற்ற வழியில்லை. அப்போதுதான் கொட்டகை மூலையில் ஆறு வருஷமாகச் சாக்கு போர்த்திக் கிடந்த ஆயில் இன்ஜின் ஞாபகம் வந்தது.

இது லிஸ்டர் வகை. இங்கிலாந்தில் டர்ஸ்லி என்ற ஊரில் 1930 வாக்கில் வந்த வடிவம். என்னிடம் இருப்பது அதைப் பார்த்து ராஜ்கோட்டில் வார்த்தது. 6 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 650 சுற்று, இரண்டு பக்கமும் கனத்த சக்கரம்.

நான் செய்த முதல் தப்பு, நேராக ஹேண்டிலைப் போட்டது. அசையவே இல்லை. வந்து பார்த்த மெக்கானிக், "சார், இது பழைய இரும்புக்குத்தான் போகும்" என்றார். பக்கத்து நிலத்துப் பெரியவர் எண்பதைத் தாண்டியவர். அவர்தான், "ஹேண்டிலை ஓரமா வைங்க தம்பி. முதல்ல காத்து வர்ற வழியைப் பாருங்க" என்றார். ஏர் பில்டரைக் கழற்றினால் உள்ளே குளவி கட்டிய மண்கூடு! சக்கரம் சுற்றியிருந்தால் அத்தனை மண்ணும் சிலிண்டருக்குள் போயிருக்கும்.

வால்வு தூக்கும் லிவரை உயர்த்தி வைத்தும் சக்கரம் நகரவில்லை என்றால், பெரும்பாலும் ரிங்குகள் துருப்பிடித்து லைனரோடு ஒட்டியிருக்கும். நாசிலைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாகப் பாதி டீசல், பாதி மண்ணெண்ணெய் கலந்து ஒரு டம்ளர் ஊற்றி விட்டுவிடுங்கள். வால்வுத் தண்டுகளிலும் நாலு சொட்டு விடுங்கள். தினம் இரண்டு வேளை சக்கரத்தை முன்னும் பின்னும் மெல்ல ஆட்டிப் பாருங்கள். சக்கரத்தின் கைகளுக்கு நடுவே கடப்பாரை போட்டு நெம்பாதீர்கள். வார்ப்பிரும்பு, விரிசல் விட்டுடும். எனக்கு மூன்றாம் நாள் காலையில் இரண்டு விரற்கடை நகர்ந்தது. அதுவரை நாற்றுக்குக் குடத்தில்தான் தண்ணீர்.

நகர ஆரம்பித்ததும் நாசிலை உடனே பூட்டிவிடக் கூடாது. ஊற்றியதெல்லாம் வெளியே வரும்வரை சுற்றுங்கள், முகத்தை ஓட்டைக்கு நேராக வைக்காமல். காற்று அமுங்கும், திரவம் அமுங்காது. உள்ளே தங்கினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

அடுத்து அடி ஆயில். திருகைத் திறந்ததும் முதலில் வந்தது தண்ணீர், பிறகுதான் கறுப்புக் குழம்பு. புதுசு ஊற்றினேன். பழசை வரப்பில் கொட்டாமல் கேனில் பிடித்து ஒர்க்‌ஷாப்பில் கொடுத்தேன். டேங்க் அடியிலும் தண்ணீரும் வழவழப்பான பாசியும்தான். கழுவி, பில்டர் மாற்றி, புது டீசல் விட்டபின் ஏர் எடுக்க வேண்டும். பில்டர் திருகு, பம்ப் திருகு, கடைசியாக நாசில் பக்கத்து நட்டு என்று அதே வரிசையில் தளர்த்தி, குமிழ் இல்லாமல் டீசல் வந்ததும் இறுக்குங்கள். இப்போது லிவரைத் தூக்கிவைத்துச் சுற்றினால் நாசில் 'கிர்க், கிர்க்' என்று சத்தம் கொடுக்கணும். சத்தமே இல்லையென்றால் இன்னும் காற்று இருக்கு, அல்லது பம்ப் உள்ளே பிசின் பிடித்திருக்கு. பம்பைப் பிரிக்கும் வேலையை மட்டும் அதற்கான கடையில் விடுங்கள். நம்ம கொட்டகைத் தூசி அதற்கு ஆகாது.

பம்பின் பக்கவாட்டில் டீசலைக் கூட்டிக் குறைக்கும் சிறு கம்பி ஒன்று இருக்கும். அது விரலால் தள்ளினால் தடையில்லாமல் போய்வர வேண்டும். முழுத் திறப்பில் ஒட்டிக்கொண்டால் இன்ஜின் கட்டுக்கடங்காமல் வேகம் பிடிக்கும். அவசரத்துக்குக் காற்று வாயை அடைக்க ஒரு பலகைத் துண்டைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அமுக்கம். லிவரை இறக்கிச் சக்கரத்தைக் கையால் தள்ளினால் பந்து மாதிரி எதிர்த்துத் திருப்பித் தள்ளணும். என்னுடையது 'புஸ்' என்று விட்டுக்கொடுத்தது. சத்தம் எங்கே வருகிறது என்று காது கொடுங்கள். காற்று வாயில் கேட்டால் உள்வால்வு, சைலன்சரில் கேட்டால் வெளிவால்வு, ஆயில் ஊற்றும் வாயில் கேட்டால் ரிங். வங்கியில் கணக்கு உதைத்தால், எந்தப் பக்கத்தில் தப்பு என்று முதலில் கண்டுபிடித்துவிட்டுத்தான் வவுச்சரைத் தேடுவோம். அதே முறைதான் இதுவும். எனக்குச் சைலன்சர் பக்கம் கேட்டது. வெளிவால்வின் தண்டு பாதியில் சிக்கியிருந்தது. மண்ணெண்ணெய் விட்டு, மரச்சுத்தியால் மெல்லத் தட்டத் தட்ட இறங்கியது.

ஹேண்டில் பிடிக்கும்போது கட்டைவிரலும் மற்ற விரல்களோடு ஒரே பக்கம் இருக்கட்டும். திருப்பி அடித்தால் விரல் போய்விடும். லிவரைத் தூக்கி வேகமாகச் சுற்றி, வேகம் பிடித்ததும் இறக்குங்கள். புகையே இல்லையென்றால் டீசல் வரவில்லை. வெள்ளைப்புகை வந்தும் பிடிக்கவில்லையென்றால் டீசல் வருது, அமுக்கமும் சூடும் போதவில்லை. ஸ்பிரே அடித்து எழுப்ப வேண்டாம், பழைய ரிங் உடையும். எனக்கு நாலாவது சுற்றில் பிடித்தது. கொட்டகைக் கதவையும் ஜன்னலையும் திறந்தே வையுங்கள், அந்தப் புகை ஆளைக் கொல்லும்.

நாற்றில் ஒரு ஓரம் கருகியது, மீதி தப்பியது. இப்போது மாதம் ஒரு தரம் அரைமணி நேரம் ஓட்டுகிறேன். சைலன்சர் வாயில் ஒரு கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். நீங்களும் வைத்தால் ஓட்டும் முன் எடுக்க மறக்காதீர்கள். நான் மறந்த அன்று அது பறந்துபோய்க் கிணற்றில் விழுந்தது.